பிடரியில் பட்ட பார்வையும் பாட்னாவின் வதந்திகளும்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த எட்வர்ட் டிச்சனரிடம் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களில் சிலர் ஒரே விஷயத்தை அடித்துச் சொல்வார்கள்: பின்னாலிருந்து யாராவது உற்றுப் பார்த்தால் தங்களுக்குத் தெரிந்துவிடும். பிடரியில் ஒரு குறுகுறுப்பு வரும். திரும்பினால் அங்கே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், முன்னால் இருப்பவரின் பிடரியையே விடாமல் பார்த்து அவரைத் திரும்ப வைக்கத் தங்களால் முடியும் என்பார்கள். டிச்சனர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் பயின்றவர். ஆக்ஸ்ஃபோர்டு அங்கியை மாட்டிக்கொண்டு வகுப்பெடுப்பவர். ஆய்வுக்கூட உளவியலில் கறார் பேர்வழி. அவர் இந்தப் பேச்சைச் சிரித்து ஒதுக்கவில்லை. 1898இல் ‘சயன்ஸ்’ இதழில் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே எழுதினார்.

சோதித்துப் பார்த்ததாகவும் முடிவு ஒவ்வொரு முறையும் எதிர்மறையாகவே வந்ததாகவும் அதில் சொல்கிறார். எண்களைத் தரவில்லை. அவருடைய கவனமெல்லாம், இல்லாத ஒரு சக்தி இருப்பதாக இத்தனை பேருக்கு ஏன் தோன்றுகிறது என்பதில்தான் இருந்தது. அவர் தரும் விளக்கம் இப்படிப் போகிறது. முதுகுப்பக்கம் என்பது நமக்குத் தெரியாத பக்கம். அதைப் பற்றி எல்லோருக்குமே கொஞ்சம் பதற்றம் உண்டு. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களைக் கவனித்தால், ஒருவர் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பார், இன்னொருவர் காலரைச் சரிசெய்வார், மூன்றாமவர் சும்மாவேனும் ஒருதரம் திரும்புவார். அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. அசையாத கூட்டத்தில் ஒரு தலை அசைந்தால், பின்னால் இருப்பவரின் கண் தானாக அதன் மேல் போகும். ஆக, நீங்கள் திரும்பியதால் அவர் பார்த்தார். ஆனால் உங்கள் கண்ணும் அவர் கண்ணும் மோதும் நொடியில் உங்களுக்குத் தெரிவது, அவர் பார்த்ததால் நீங்கள் திரும்பினீர்கள் என்பதே. குறுகுறுப்பும் பொய்யில்லை. உடம்பின் எந்த இடத்தில் கவனத்தைக் குவித்தாலும் அங்கே ஏதோ ஊர்வது போலத் தெரியும். இந்த வரியைப் படிக்கும்போதே சிலருக்குப் பிடரியில் அது தொடங்கியிருக்கும்.

எண்கள் 15 ஆண்டுகள் கழித்து வந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் கூவர், பத்துப் பேரை ஆளுக்கு நூறு முறை முதுகு காட்டி உட்காரவைத்தார். பார்க்கவா வேண்டாமா என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவுசெய்து, உட்கார்ந்தவர் என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொண்டார். ஆயிரம் முறையில் சரியாகச் சொன்னது 50.2 சதவீதம். காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அதே கணக்குத்தான். ரூபர்ட் ஷெல்ட்ரேக் பின்னாளில் இந்த நம்பிக்கைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அவருடைய சோதனைகளில் ‘பார்/பார்க்காதே’ வரிசை முழுமையான தற்செயல் வரிசையாக இல்லை, விடை சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லப்பட்டதால் பங்கேற்றவர்கள் வரிசையின் போக்கைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று மற்றவர்கள் காட்டினார்கள். அந்தச் சண்டை இங்கே தேவையில்லை.

டிச்சனரின் கட்டுரையில் கவனிக்க வேண்டியது அவர் கேட்ட கேள்வியின் வடிவம். ‘இந்த நம்பிக்கை உண்மையா?’ என்பதோடு அவர் நிற்கவில்லை. ‘எந்த உண்மையான அனுபவத்திலிருந்து இந்தத் தவறான முடிவு முளைத்தது?’ என்று கேட்டார். அன்றாட நம்பிக்கைகளின் மேல் ஆர்வம் கொண்ட உளவியல் ஆசிரியர்களில் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள்தான் உருப்படியாக எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. முதல் கேள்வியோடு நின்றவர்கள் மூடநம்பிக்கைப் பட்டியல் தயாரித்ததோடு சரி.

பெர்ட்ரம் ஃபோரரின் கதை பலருக்குத் தெரிந்ததுதான் என்றாலும், அதன் விவரங்கள் பெரும்பாலும் தேய்ந்துபோன வடிவில்தான் சொல்லப்படுகின்றன. இரவு விடுதி ஒன்றில் கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் ஆசாமி ஒருவர் ஃபோரரை மடக்கி, உங்கள் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அங்கிருந்து பிறந்தது இந்தச் சோதனை. 1948இல் தன் அறிமுக உளவியல் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் பெயரும் தட்டச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதில் அவரவர் குணத்தைப் பற்றி 13 வாக்கியங்கள். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாதபடி தள்ளித் தள்ளி உட்காரவைத்திருந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. தேர்வு நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார், கைகள் உயர்ந்தன. பிறகு முதல் வாக்கியத்தை உரக்கப் படித்து, இது போன்ற வரி யார் தாளில் இருக்கிறது என்றார். எல்லாக் கைகளும் மறுபடி உயர்ந்தபோது வகுப்பு வெடித்துச் சிரித்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாக்கியங்களைக் கடைத்தெருவில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

அந்த வாக்கியங்களின் தச்சுவேலை அலாதியானது. மற்றவர்கள் உங்களை மதிக்க வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு. இன்னும் பயன்படுத்தாத திறமை உங்களிடம் நிறைய இருக்கிறது. வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுவீர்கள். சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுக்கம். ஏறத்தாழ இந்த ரகம். இவற்றில் எது பொய்? எதுவும் இல்லை. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘மாணவர்கள் எவ்வளவு ஏமாளிகள்!’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஃபோரரே 1949இல் தன் கட்டுரைத் தலைப்பில் ஏமாளித்தனத்தைக் குறிப்பிட்டார். ஆனால் மாணவர்கள் 4, 5 என்று போட்டதில் பிழையில்லை. வாக்கியங்கள் அவர்களுக்குப் பொருந்தவே செய்தன. பக்கத்துத் தாளிலும் அதுவே இருக்குமா என்று கேட்காமல், ‘இந்தத் தேர்வுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது’ என்று தாவியதுதான் பிழை. தினசரிக் காலண்டர் தாளின் மூலையில் மேஷத்துக்கு ஒரு சொல், ரிஷபத்துக்கு ஒரு சொல் என்று ‘ஆதாயம்’, ‘அலைச்சல்’, ‘பொறுமை’ அச்சிடுபவர்கள் இந்தக் கலையை இன்னும் சிக்கனமாகச் செய்கிறார்கள். அலைச்சல் இல்லாத நாள் எந்த ராசிக்கு உண்டு?

இதே ஜோசியத்தை முதல் கேள்வியால் அணுகிய ஒரு நல்ல ஆய்வும் உண்டு. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் புனேயில், நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து, படிப்பில் சூட்டிகையான 100 குழந்தைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகளின் ஜாதகங்களையும் திரட்டினார். ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து எது எந்த வகை என்று சொல்லச் சொன்னார்கள். விடை அனுப்பியவர்கள் 27 ஜோசியர்கள். அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். 2009இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வெளியானது. கச்சிதமான ஆய்வு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஜாதகத்தைத் தூக்கிப்போட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம். ஜோசியரிடம் போகிறவர் ஜாதகம் எதிர்காலத்தைச் சொன்னதற்குப் புள்ளிவிவரம் பார்த்துப் போவதில்லை. போன தடவை அவர் சொன்னது ‘அப்படியே எனக்காகவே சொன்ன மாதிரி’ இருந்தது என்பதால் போகிறார். அந்த ‘எனக்காகவே’ என்ற இடத்தைத் தொட்டவர் ஃபோரர்.

தொட்ட கை சும்மா இருக்கவில்லை. அது உளவியலாளர்கள் மேலேயே திரும்பியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் மீல் 1956இல், மருத்துவமனை உளவியலாளர்கள் எழுதும் ஆளுமை அறிக்கைகளில் பல இந்த ரகம்தான் என்று சாடினார். சர்க்கஸ் முதலாளி பார்னமின் பெயரை இந்த மயக்கத்துக்குச் சூட்டியதும் அவர்தான். இரண்டே ஆண்டில் ராஸ் ஸ்டாக்னர், வேலைக்கு ஆள் எடுக்கும் 68 மேலாளர்களிடம் இதே வித்தையைக் காட்டினார். ஆளுமைத் தேர்வை வைத்து மற்றவர்களை எடைபோடுகிறவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தங்கள் அறிக்கை அருமையாகப் பொருந்துகிறது என்றார்கள்.

இதைவிடக் கசப்பானது லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி 1967இல் வெளியிட்டது. ஒருவரை மனித உருவம் வரையச் சொல்லி, அந்தப் படத்தைக் கொண்டு அவர் மனநிலையைக் கணிக்கும் தேர்வு அப்போது மருத்துவமனைகளில் பிரபலம். சந்தேகப் பேர்வழிகள் கண்ணை வித்தியாசமாக வரைவார்கள் என்பது மருத்துவர்களிடம் ஊறிப்போன அனுபவ ஞானம். ஆய்வுகளோ அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்றன. சாப்மன் தம்பதி, இந்தத் தேர்வைப் பற்றி ஒன்றும் அறியாத கல்லூரி மாணவர்களுக்குப் படங்களையும் நோய்க்குறிகளையும் கலைத்துப்போட்டு ஜோடி சேர்த்துக் காட்டினார்கள். தொடர்பு எதுவும் தெரியாதபடி கவனமாகக் கலைத்திருந்தார்கள். மாணவர்கள் அதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது: சந்தேகக்காரர்கள் கண்ணை வித்தியாசமாக வரைகிறார்கள். பல ஆண்டு அனுபவத்தில் மருத்துவர் கண்டதையே, அனுபவமே இல்லாத மாணவரும் அரைமணி நேரத்தில் ‘கண்டார்’. கண்ணும் சந்தேகமும் நம் மனதில் ஏற்கெனவே ஒன்றாகக் கிடக்கின்றன; நோயாளியின் படம் அதற்கு ஒரு சாக்கு.

ஆசிரியர்களின் சொந்த நம்பிக்கைகள் என்று வந்துவிட்டால் பட்டியல் நீளும். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடலாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அவரவர் வழியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்ற கொள்கைக்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் கூட்டாளிகளும் அலசிச் சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டபோது அதை நம்பியவர்கள் முறையே 93, 96 சதவீதம். நம்மூர் ஆசிரியர் பயிற்சி வகுப்பிலும் இதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

இன்னொன்றில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் இதில் தோற்றது பொதுஜனம் அல்ல. கூடைப்பந்தில் தொடர்ந்து இரண்டு மூன்று கூடை போட்டவருக்குக் கை சூடேறிவிட்டது, அடுத்ததும் விழும் என்று ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் நம்புவார்கள். கிரிக்கெட்டில் நாம் ‘ஃபார்ம்’ என்போமே, கிட்டத்தட்ட அது. 1985இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வாலோன், ஏமஸ் ட்வர்ஸ்கி மூவரும் ஃபிலடெல்ஃபியா அணியின் ஆட்டக் குறிப்புகளையும், கார்னெல் பல்கலைக்கழக வீரர்களை வைத்து நடத்திய சோதனையையும் ஆராய்ந்து, அது வெறும் பிரமை என்றார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக உளவியல் வகுப்புகளில் இது செல்லப் பாடம்: மக்கள் தற்செயலில் ஒழுங்கைக் காண்கிறார்கள் என்பதற்குக் கைமேல் உதாரணம். 2018இல் ஜோஷுவா மில்லர், ஆடம் சன்ஹுர்ஹோ என்ற இரு பொருளியலாளர்கள் அதன் கணக்கிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள்.

ஓட்டை எங்கே என்று ஒரு காசை வைத்துப் பார்த்துவிடலாம். காசை மூன்று முறை சுண்டினால் எட்டு விதமாக விழலாம். ஒவ்வொரு வரிசையிலும், ‘தலைக்கு அடுத்து வந்ததில் தலை எத்தனை சதவீதம்?’ என்று கேட்போம். பூ-பூ-பூ, பூ-பூ-தலை இரண்டிலும் தலைக்கு அடுத்து எதுவுமே இல்லை, அவற்றை ஒதுக்கலாம். மீதி ஆறு. தலை-தலை-தலையில் 100 சதவீதம். பூ-தலை-தலையிலும் 100. தலை-தலை-பூவில் 50. தலை-பூ-தலை, தலை-பூ-பூ, பூ-தலை-பூ மூன்றிலும் பூஜ்யம். கூட்டினால் 250, ஆறால் வகுத்தால் 42க்குக் கொஞ்சம் குறைவு. நேர்மையான காசுக்கு 50 வர வேண்டும் என்றுதானே நினைத்தோம்? சிறிய வரிசைகளில் இப்படிச் சராசரி எடுத்தால் இயல்பாகவே 50க்குக் கீழேதான் வரும். அப்படியானால் ஒரு வீரர், கூடை விழுந்த பிறகும் தவறிய பிறகும் ஒரே சதவீதம் போட்டார் என்று காட்டினால், அவர் கை உண்மையில் சூடாகியிருக்கிறது என்றே அர்த்தம். இந்தத் திருத்தத்தோடு பழைய கார்னெல் தரவைப் பார்த்தால் சூடு தெரிகிறது. ரசிகர்கள் நினைக்கும் அளவு பெரிதா என்பது வேறு கேள்வி. ஆனால் மக்களின் நம்பிக்கையைப் பிரமை என்று அறிவித்தவர்கள், மக்கள் சறுக்கும் அதே வழுக்குப்பாறையில் தாங்களும் சறுக்கியிருந்தார்கள்.

வகுப்பறையில் நம்பிக்கையைக் கலைப்பது எவ்வளவு கடினம் என்பதையும் ஆசிரியர்களே அளந்திருக்கிறார்கள். லாங் பீச் நகரில் உள்ள கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் பாரி சிங்கரும் விக்டர் பெனாசியும் ஒரு மேஜிக் கலைஞரை நீண்ட அங்கி அணிவித்து உளவியல் வகுப்புகளுக்குள் அனுப்பினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு எண்களைப் படித்தார், உலோகக் கம்பியை ‘மனசக்தியால்’ வளைத்தார். எல்லாம் பள்ளி விழாவில் காட்டும் வித்தைகள். சில வகுப்புகளில் இவர் அதீத சக்தி உள்ளவர் என்று சொன்னார்கள். சிலவற்றில் இவர் மேஜிக் கலைஞர், இப்போது வித்தை காட்டுவார் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். சொன்ன வகுப்புகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவருக்கு உண்மையான சக்தி இருப்பதாக எழுதினார்கள். சிலர் சாத்தானை எச்சரித்துத் தாளை நிரப்பியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ வகுப்புகள் களைகட்டியபோது, பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்ணத்தையும் எழுத்தையும் சொல்ல, பெற்றோர் பரவசமாகிக் கட்டணம் கட்டினார்கள். துணிக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது. தலையைச் சற்றே அண்ணாந்தால் போதும். லாங் பீச்சிலும் கோயம்புத்தூரிலும் மூக்கின் அமைப்பு ஒன்றுதான்.

எது கொஞ்சமாவது வேலை செய்கிறது? அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பாட்ரிஷியா கோவால்ஸ்கியும் ஆனெட் டெய்லரும் 2009இல் வெளியிட்ட ஆய்வுப்படி, சரியான தகவலை மட்டும் கற்பித்தால் பழைய நம்பிக்கை பெரிதாக அசைவதில்லை; தவறான நம்பிக்கையை எடுத்து வைத்து, பெயர் சொல்லி, இன்ன காரணத்தால் தவறு என்று மறுத்தால் அசைகிறது. டிச்சனர் செய்தது இதுதான் என்று தோன்றுகிறது. அவர் ஒரு படி கூடுதலாக, ‘உனக்கு அப்படித் தோன்றியது நியாயமே’ என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியாள் சமாசாரம். ஊரே சேர்ந்து நம்பும்போது என்ன நடக்கிறது என்பதைக் கேட்டவர் ஓர் இந்தியர், அதுவும் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் அந்தக் கேள்விக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே.

1934 ஜனவரி 15, பிற்பகல். வடக்கு பீகாரையும் நேபாளத்தையும் நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. முங்கேர், முசாஃபர்பூர் நகரங்கள் தரைமட்டம். சாவு பத்தாயிரத்தைத் தாண்டியது. பாட்னாவில் இருந்த உளவியல் ஆய்வாளர் ஜமுனா பிரசாத், அடுத்தடுத்த நாட்களில் ஊரில் உலவிய வதந்திகளைச் சேகரிக்கத் தொடங்கினார். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரிய நடுக்கம் வரும். ஜனவரி 23 பொல்லாத நாள், சொல்ல முடியாத கேடு வரும். பாட்னாவைக் கடும் புயல் தாக்கப்போகிறது. நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் மதுபனியை நோக்கிப் பாய்ந்து வருகிறது. நடுக்கத்தின்போது கங்கையின் நீர் மாயமாக மறைந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள். 1935இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் இதையெல்லாம் தொகுத்து எழுதினார். வதந்தி பிறக்க ஐந்து நிலைமைகள் வேண்டும் என்பது அவர் முடிவு: நிகழ்வு உணர்ச்சியைக் கலக்க வேண்டும், வழக்கத்துக்கு மாறானதாக இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியாத பக்கங்கள் அதில் பல இருக்க வேண்டும், சரிபார்க்க முடியாத விஷயங்கள் இருக்க வேண்டும், எல்லோரையும் சேர்த்துப் பாதிப்பதாக இருக்க வேண்டும்.

கடைசி நிலைமைதான் முக்கியம். பிரசாத் பார்த்த வதந்தி, ஒருவர் காதில் வாங்கி இன்னொருவரிடம் தப்பாகச் சொல்வது அல்ல. ஒரு கூட்டம் சேர்ந்து, விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள முயல்வது. 1947இல் கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் வதந்தியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகம், ஒருவர் படத்தைப் பார்த்து அடுத்தவருக்கு விவரிக்க, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, விவரம் எப்படித் திரிகிறது என்பதை முன்னிறுத்தியது. வதந்தி ஆய்வு அதன் பிறகு பல ஆண்டுகள் தனிமனித ஞாபகப் பிழை என்ற சந்துக்குள்ளேயே சுற்றியது. பிரசாத்தை மறந்ததால் நேர்ந்த நஷ்டம் இது என்று 2002இல் பிரசாந்த் போர்டியாவும் நிக்கலஸ் டிஃபான்சோவும் எழுதினார்கள். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

நடுக்கம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் பாமரர் மட்டும் இல்லை. ஹரிஜன சேவைக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார். இயற்கை நிகழ்வுக்கு இப்படி விஞ்ஞானத்துக்குப் புறம்பான விளக்கம் தருவது ஆபத்து என்று தாகூர் மறுப்பு எழுதினார். அதை ‘ஹரிஜன்’ பிப்ரவரி 16 இதழில் காந்தியே வெளியிட்டு, தன் பதிலையும் போட்டார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. பிரசாத்தின் கண்ணோடு பார்த்தால், திருநெல்வேலி மேடைப் பேச்சும் பாட்னா தெருப் பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்தன: அர்த்தமில்லாமல் குலுங்கிய பூமிக்கு ஓர் அர்த்தம் கொடுத்தன.

பிரசாத்தின் அறிக்கை 1950களின் தொடக்கத்தில் லியான் ஃபெஸ்டிங்கர் கையில் கிடைத்தது. அவரை உறுத்தியது ஒரே விஷயம். பயந்துபோன மக்கள் ஆறுதல் தரும் வதந்தியை அல்லவா பரப்ப வேண்டும்? ஏன் இன்னும் பெரிய அழிவு வரும் என்று சொல்லித் தங்களையே மேலும் பயமுறுத்திக்கொள்கிறார்கள்? அவர் கண்ட விடை: இவர்கள் நடுக்கத்தை உணர்ந்தவர்கள், ஆனால் சுற்றிலும் பெரிய அழிவைப் பார்க்காதவர்கள். உடம்பில் பயம் இருக்கிறது. கண் முன்னால் அதற்குக் காரணம் இல்லை. அந்த முரண்பாடு பொறுக்காமல், பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைத் தயாரித்துக்கொள்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இந்திய ஆய்வு அவருக்குக் கிடைத்தது. 1950இல் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் துர்கானந்த் சின்ஹா வதந்திகளைத் திரட்டி 1952இல் வெளியிட்டிருந்தார்; இவர் பின்னாளில் அலகாபாத் பல்கலைக்கழக உளவியல் துறையைக் கட்டியெழுப்பியவர். சரிவில் சிக்கி அழிவை நேரில் கண்ட அந்த மக்களிடம், இனி வரப்போகும் பேரழிவு பற்றிய வதந்தி இல்லை. நடந்ததைச் சற்றே பெரிதாக்கிச் சொன்னதோடு சரி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்து வளர்ந்ததுதான், 1957இல் புத்தகமாக வந்து சமூக உளவியலையே திருப்பிப்போட்ட அறிவாற்றல் முரண்பாட்டுக் கோட்பாடு. அதற்கு வித்து பாட்னா வதந்திகளே என்று ஃபெஸ்டிங்கரே முன்னுரையில் சொல்கிறார்.

அழகான வாதம். கொஞ்சம் அளவுக்கு மீறிய அழகு என்பேன். பாட்னா முழுக்கத் தப்பிய ஊர் அல்ல. அங்கும் கட்டடங்கள் விழுந்தன. பெரிய நடுக்கத்துக்குப் பின் சிறு நடுக்கங்கள் தொடர்வது இயற்கை. ஆகவே ‘இன்னொன்று வரும்’ என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. கங்கையில் குளித்தவர்கள் மணலில் புதைந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் படிப்பவருக்கு அது அப்பட்டமான கட்டுக்கதை. ஆனால் அந்த நடுக்கத்தில் வடக்கு பீகாரில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை குழைந்து, வயல்களிலும் கிணறுகளிலும் நிலத்தடி நீர் மணலை வாரிக்கொண்டு பீறிட்டது. கட்டடங்கள் சாய்ந்து இறங்கின. மண் திரவமாகும் நிகழ்ச்சி என்று இன்று புவியியலாளர்கள் விளக்குகிறார்கள். விளைந்த வயலில் மணல் பொங்குவதைக் கண்டவரின் சொந்தக்காரர், கங்கையில் மணல் விழுங்கியது என்று கேட்டால் நம்பாமல் இருக்க என்ன காரணம்? கதையின் அடியில் ஓர் உண்மை அனுபவம் இருந்தது. வேறிடத்தில் நடந்தது கங்கைக் கரைக்கு மாறிவிட்டது, அவ்வளவே. பிரசாத் அந்த மண்ணில் இருந்தவர். ஃபெஸ்டிங்கருக்குக் கிடைத்தது அச்சடித்த அறிக்கை.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை இந்தக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். அழிவை நேரில் கண்ட நகரம். ஃபெஸ்டிங்கர் கணக்குப்படி வரப்போகும் கேட்டைப் பற்றிய வதந்தி குறைவாக இருந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததோ, 250 சென்டிமீட்டர் மழை கொட்டப்போவதாக நாசா எச்சரித்தது என்ற புரளி. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தோடு வருகின்றன என்ற புரளி. பண்ணை நிர்வாகம் எங்கள் முதலைகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. கோட்பாடு பொய்த்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்களில் மின்சாரம் இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. அப்படியானால் அந்தச் செய்திகளைப் பரப்பியவர்களில் பலர், மழையையும் செய்தியையும் பார்த்துப் பயந்தாலும் மேட்டிலோ வெளியூரிலோ உலர்ந்த தரையில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். அது ஃபெஸ்டிங்கர் சொன்ன ஆட்களேதான். ஆனால் அவர்கள் பரப்பியது மனதுக்குள் இருந்த முரண்பாட்டாலா, அல்லது போனில் சார்ஜ் இருந்தவர்கள் அவர்கள் மட்டுமே என்பதாலா? இரண்டையும் பிரித்தறிய, ஒவ்வொரு செய்தியையும் அனுப்பியவர் அந்த மணியில் எந்தத் தெருவில் இருந்தார், அவர் வீட்டில் தண்ணீர் ஏறியிருந்ததா என்ற விவரம் வேண்டும். பிரசாத்தும் சின்ஹாவும் எழுதிவைத்தவற்றையும் இதே சந்தேகத்தோடு மறுபடி படிக்க வேண்டும்: டார்ஜிலிங்கில் சாலைகள் அறுந்து ஆட்கள் துண்டிக்கப்பட்ட அந்த நாட்களில், ஒரு வதந்தி பரவ எத்தனை பேர் ஒருவரை ஒருவர் சந்தித்திருக்க முடியும்?